ஜன்னலோர மேசைக்காரர்

மணிலா, பினோண்டோ
9 ஆகஸ்ட் 1992

அன்புத் தங்கை பூரிங்,

நீயும் உன் வீட்டுக்காரர் ரூஃபோவும் ரொட்டி அடுப்புச் சூட்டில் வாடாமல் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மூவரும் சுகம். பக்கவாதம் வந்த உன் அத்தானுக்கு இடது கை இன்னும் எழும்பவில்லை, வாய் மட்டும் எழும்பிவிட்டது. மூன்றாம் மாடியில் படுத்தபடியே, சூப்பில் மிளகு கூடிவிட்டது என்று வாசனையை வைத்துச் சொல்லியனுப்புகிறார். பிள்ளை ஐவிக்குப் பதினான்கு முடிந்ததும் நாக்கு நீண்டுவிட்டது. உன்னைப் போல.

மின்வெட்டுதான் பெரிய தொல்லை. ஜெனரேட்டர் போடும் இரைச்சலில் சாப்பிட வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் கத்திப் பேசுகிறார்கள். தெருவின் ரகசியமெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் குறையவில்லை. கோயில் பூசை முடிந்ததும் கூட்டம் படியேறி வந்துவிடும்.

ஒரு புது வாடிக்கையாளர் கிடைத்திருக்கிறார். நெஸ்டர் என்று பெயர். நம் சீனக்காரர் இல்லை, ஆனால் நம் சாப்பாட்டின் அருமை தெரிந்தவர். ஜன்னலோர மேசையில் தனியாக உட்கார்ந்து ஒரு சூப்பும் கொஞ்சம் நூடுல்ஸும் வாங்குவார். என்னை வாய் நிறைய "அக்கா" என்பார். பேச்சென்றால் அப்படிப் பேச்சு. போன ஞாயிறு நடு மேசையைக் காட்டிக் கேட்டார்:

"அது யாரு அக்கா? ராஜா வீட்டு விருந்து மாதிரி இருக்கு!"

"துணிக்கடை யூ குடும்பம். கண்ணாடி போட்டிருக்கானே, அவன் ஒரே பையன் ரோலண்ட். இன்ஜினியரிங் படிக்கிறான்."

"கப்பல் மாதிரி கார்ல போவாரு, இல்ல?"

"அட நீங்க வேற! கார்ல போனா கூட்டாளிங்க கேலி பண்றாங்களாம். கால்வாய்ப் பக்கத்துச் சந்துல நடந்தே போயி ஜீப்னி வண்டி புடிக்கிறான். அவங்கம்மா தலையில அடிச்சுக்கிறா."

அவர் போனதும் நம் பழைய பரிசாரகர் காண்டிங் தட்டுகளை அடுக்கிக்கொண்டே முணுமுணுத்தார். "இந்தாளு சாப்பிட வர்றாரா, சம்பந்தம் பேச வர்றாரா? எல்லா வீட்டு ஜாதகமும் கேக்குறாரு." ஐவி நெஸ்டரைப் போலவே பல்குச்சியைக் கடித்து நடித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

தெருமுனைச் சிலுவைக்கு உன் பெயரிலும் ஊதுவத்தி வைத்தேன். உடனே எழுது.

உன் அக்கா,
எர்மினியா


இலோயிலோ, மோலோ
27 ஆகஸ்ட் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் மாவு படிந்த கையோடு பிரிக்கப்பட்டது, அதனால் இங்கே எல்லோரும் நலம் என்று எடுத்துக்கொள். அத்தானுக்கு மீன்தலைக் கஞ்சி வைத்துக் கொடு. இடது கையைத் தினமும் வெந்நீரில் பிடித்துவிடச் சொல்.

யார் அக்கா அந்த ஜன்னலோர மேசைக்காரர்? அத்தான் மேலே படுத்திருக்கும்போது கீழே உனக்கு "அக்கா, அக்கா" என்று ஒரு தம்பி வேறா? ரூஃபோ படித்துவிட்டு, "ஒரு சூப்பை ஒரு மணி நேரம் குடிக்கிறவன் சூப்புக்கு வர்றவன் இல்ல, உங்கக்காவப் பாக்கத்தான் வர்றான்" என்கிறார். நாற்பத்தெட்டு வயதில் உனக்கு வந்த யோகம்!

விளையாட்டு போகட்டும். மணிலாவில் நம்மவர்களைக் காரோடு கடத்திக்கொண்டு போய்ப் பணம் கேட்கிறார்கள் என்று ரேடியோவில் தினமும் சொல்கிறான். உங்கள் பக்கம் ஒன்றும் இல்லையே? எங்கள் வீட்டில் இன்னும் தொலைபேசி வரவில்லை. அவசரமென்றால் பக்கத்து மருந்துக்கடைக்குப் போடு, கூப்பிடுவார்கள்.

விடுமுறைக்கு ஐவியை அனுப்பு. ரொட்டி சுடக் கற்றுக்கொள்ளட்டும்.

அன்புடன்,
பூரிங்


பினோண்டோ
20 செப்டம்பர் 1992

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலமா? நாங்கள் இருக்கிறோம்.

நீ கேட்டது எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. யூ வீட்டு ரோலண்டைக் கொண்டுபோய்விட்டார்கள். பட்டப்பகலில், கல்லூரிக்குப் போகும் வழியில், சந்தின் முனையில். வெள்ளை வேன் நின்றதாம், கதவு திறந்ததாம். பழம் விற்கும் பெண் ஒருத்திதான் பார்த்தாள். கேட்டால் இப்போது அவளும் "நான் ஒண்ணும் பாக்கல" என்கிறாள்.

அந்தப் பையனின் அம்மா ஒருநாள் நம் கடைக்கு வந்தாள். அக்கம்பக்கத்தில் யாரிடமும் பேசக்கூடாது என்று போனில் மிரட்டியிருக்கிறார்களாம். நடு மேசைக்கு எதிரே வந்து நின்றாள். "இறால் பொரியல் பார்சல் கட்டித் தர்றியா? அவன் எப்ப வேணா வரலாம்" என்றாள். கட்டிக் கொடுத்தேன். அது இரண்டாம் நாளும் அவள் வீட்டு மேசையிலேயே இருந்ததாம்.

தெரு மாறிவிட்டது. யாரும் ஒரே வழியில் இரண்டு முறை போவதில்லை. வெளியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வருகிற ஒன்றிரண்டு குடும்பமும் படிக்கட்டைப் பார்த்தபடியே சாப்பிடுகிறது. நகை போட்ட கை எதையும் நான் பார்க்கவில்லை.

ஜன்னலோர மேசைக்காரர் பற்றிக் கிண்டல் செய்திருந்தாய். அவர் இப்போது வருவதில்லை. இனி அவரைப் பற்றி எழுதாதே.

எர்மினியா


மோலோ
6 அக்டோபர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் எப்படி? நீ சாப்பிடுகிறாயா? இங்கே மழை பெய்து ஓய்ந்தது, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

உன் கடிதம் இத்தனை சின்னதாக ஒருநாளும் வந்ததில்லை. அந்தப் பையனுக்காகக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். ஆனால் உன்னைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே. அவரைப் பற்றி எழுதாதே என்றால் என்ன அர்த்தம்? சண்டை போட்டாரா? பாக்கி வைத்தாரா? நான் சிறுபிள்ளை இல்லை, அக்கா. சொல்.

பூரிங்


பினோண்டோ
18 அக்டோபர் 1992

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். அத்தானுக்குப் பரவாயில்லை.

ஐவியைச் செவ்வாய்க்கிழமைக் கப்பலில் அனுப்புகிறேன். காண்டிங்கின் மனைவி துணைக்கு வருகிறாள். பள்ளிக்கூடம் நடக்கும்போது எதற்கு என்று கேட்பாய். இங்கே ஜெனரேட்டர் புகையில் பிள்ளைக்கு இருமல் விடவே இல்லை. காற்று மாறினால் சரியாகும் என்று வைத்தியர் சொன்னார். அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்துவிடு. வேறு ஊரிலிருந்து வந்த உறவுப் பெண் என்று சொல், என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

கடை முன்பக்கம் அவளை உட்கார வைக்காதே. வாசலில் யாராவது கூப்பிட்டால் நீயே போ. அவளைப் படம் எடுக்க யாரையும் விடாதே.

இனி எனக்குக் கடை முகவரிக்கு எழுதாதே. காண்டிங் வீட்டு முகவரி கீழே இருக்கிறது. உறையில் உங்கள் ரொட்டிக்கடை முத்திரை வேண்டாம். மருந்துக்கடையிலிருந்து போன் செய்யவும் வேண்டாம். இங்கே மணி அடித்தாலே அத்தான் பதறுகிறார்.

அவளுக்கு முட்டை பிடிக்காது. ராத்திரி விளக்கு ஒன்று எரிய வேண்டும்.

எர்மினியா


மோலோ
8 நவம்பர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

ஐவி சுகமாக வந்து சேர்ந்தாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்?

இருமல் என்று எழுதியிருந்தாய். வந்த நாளிலிருந்து பிள்ளை ஒருமுறைகூட இருமவில்லை.

போன புதன்கிழமை மாவு மூட்டை ஏற்றி வந்த வேன் வாசலில் நின்றது. பக்கக் கதவு சரிந்து திறந்த சத்தம்தான் கேட்டது, ஐவியைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். ரொட்டி ஆறவைக்கும் பலகைக்கு அடியில், வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே இழுக்கவே அரைநாள் ஆனது போல் இருந்தது.

"என்னடி கண்ணு, மாவுக்காரன்தான்."

"எனக்குத் தெரியும் சித்தி. ஆனா காலு தானா ஓடிடுச்சு."

மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்த பிறகு சொன்னாள். "அந்த ஜன்னல் மேசைக்காரரு கல்லாவுல ஒரு போட்டோ வச்சாரு. நான் ஸ்கூல் கேட்ல ஐஸ் வாங்கித் தின்னுட்டு நிக்கிற போட்டோ. அம்மா அதப் பாத்துட்டு, அவருக்கு மிச்சக் காசு எண்ணிக் குடுத்தாங்க. கை நடுங்கவே இல்ல. அதப் பாத்துதான் எனக்கு பயம் வந்துச்சு."

அக்கா, என்ன நடக்கிறது? போட்டோ எதற்கு? உன்னிடம் என்ன கேட்கிறான்? போலீசுக்குச் சொன்னாயா, சொல்ல முடியாதா? ரூஃபோ அடுத்த கப்பலில் வரட்டுமா? ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி.

பூரிங்


மோலோ
13 டிசம்பர் 1992

அக்கா,

நலம் விசாரிக்கக்கூடக் கை வரவில்லை. பதில் இல்லை. ரூஃபோவின் நண்பர் ஒருவர் மணிலா போனவர் உன் கடைப் பக்கம் போயிருக்கிறார். ஞாயிறு மத்தியானம் கடை பூட்டியிருக்கிறது என்றார். நீ ஞாயிறு கடையைப் பூட்டி நான் பார்த்ததே இல்லை. அப்பா செத்த அன்றைக்கும் திறந்தவள் நீ.

ஐவியிடம், அம்மா கடிதம் தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டாம் முறை அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது.

பூரிங்


பினோண்டோ
28 டிசம்பர் 1992

அன்புத் தங்கை பூரிங்,

உயிரோடு இருக்கிறேன். அத்தானும் இருக்கிறார். முதலில் அதை எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி. படித்ததும் அடுப்பில் போடு.

அந்த ஆள் அக்டோபரில் திரும்பி வந்தான். அதே மேசை, அதே சூப். சாப்பிட்டு முடித்துக் கல்லாவில் ஐவியின் படத்தை வைத்தான். "பொண்ணு நல்லா வளந்துட்டா அக்கா" என்றான். கை நடுங்கவில்லை என்று பிள்ளை சொன்னாளா? உடம்பில் உயிர் இருந்தால்தானே நடுங்கும்.

கப்பல் கயிறும் நங்கூரச் சங்கிலியும் விற்கும் சுவா பெரியவரை உனக்குத் தெரியும். அவருடைய எழுபதாம் பிறந்த நாள் விருந்து நவம்பரில் நம் கடையில் என்று பேசியிருந்தது. அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்குப் பெரிசா வேலை இல்லக்கா. அவங்க எந்திரிக்கிறப்ப ஜன்னல் திரையை இறக்கி விடுங்க. கீழ நிக்கிற பசங்க பாத்துக்குவாங்க. அவங்க கூட வர்ற காவலாளியும் நம்மாளுதான், அதனால காதுல ஓத நெனைக்காதீங்க. விருந்து நின்னு போச்சுன்னா நீங்க சொல்லிட்டீங்கன்னு எடுத்துக்குவோம்."

"ஏன்யா என்கிட்ட வந்தீங்க?" என்று கேட்டேன்.

"ரோலண்ட் நடந்து போற சந்தை நீங்கதானே சொன்னீங்க? நீங்க சொன்ன தகவல் சுத்தமா இருந்துச்சு. நம்பலாம்னு தோணுச்சு."

பூரிங், இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. அந்தப் பையனை நான்தான் காட்டிக் கொடுத்தேன். தெரியாமல், பெருமையாக, சிரித்துக்கொண்டே.

ஐவியை உன்னிடம் அனுப்பினால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். அவள் புறப்பட்ட வாரமே அவன் வந்தான். உன் பழைய கடிதத்தின் உறை கல்லாவில் கிடந்தது. எடுத்து முத்திரையைப் படித்துவிட்டு, "இலோயிலோ ரொட்டிக்குத் தனி ருசி, இல்லக்கா?" என்றான். அதற்குப் பிறகு உனக்கு எப்படி எழுதுவேன்? எழுதினால் உன் வாசலுக்கு வழி காட்டுவது போலிருந்தது.

யாரிடம் போய்ச் சொல்ல? புகார் கொடுத்த வீடுகளுக்கு அன்றைக்கே போன் வந்திருக்கிறது, "எங்க மேலயே புகாரா?" என்று.

விருந்து நாள் வந்தது. மடக்கு மறைப்புத் தட்டிக்குப் பின்னால் சுவா குடும்பம் வட்டமாக உட்கார்ந்தது. பெரியவர், அவர் மனைவி மிலாக்ரோஸ் அம்மா, மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி ஸ்டெஃபி. தட்டியை ஒட்டி அந்தக் காவலாளி கைகட்டி நின்றான். தட்டிக்கு இந்தப் பக்கம் ஜன்னலோரத்தில் அவன். எனக்குத் தெரிந்த எந்தச் சாமியும் மிச்சமில்லை, எல்லோரையும் கூப்பிட்டேன்.

நூடுல்ஸ் போயிற்று. வாத்து போயிற்று. முழுக் களவா மீனை நானே எடுத்துப் போனேன். மேல்பக்கத்தை எல்லோருக்கும் பரிமாறினேன். முள்ளைத் தூக்கிவிட்டு அடிப்பக்கத்தை எடுக்க வேண்டும் இல்லையா? மீனைப் புரட்டினால் கடலில் யாருடைய படகோ கவிழும் என்பார்களே. நீ சின்னவளாக இருந்தபோது மீனைப் புரட்டிவிட்டாய் என்று அப்பா உன் விரலில் கரண்டியால் அடித்தாரே, "யாரோட படகு கவுர நீ பொறந்த?" என்று. அதே மீனை நான் பெரியவர் முன்னால், இரண்டு கரண்டியையும் கொடுத்து, முழுசாகப் புரட்டிப் போட்டேன்.

மேசை அப்படியே செத்துப் போனது. மகன் எழுந்துவிட்டார். "என்ன ஆன்ட்டி இது! பொறந்த நாளும் அதுவுமா! கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

பெரியவர் மீனைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய அப்பா பாய்மரக் கப்பலில் கடல் தாண்டி வந்தவர். பெரியவர் முப்பது வருடமாக நம் கடையில் சாப்பிடுகிறவர். நான் கைதவறிப் புரட்டுகிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். காவலாளிக்கோ மீன் வெறும் மீன்தான்.

"உக்காருடா. அவளுக்கும் வயசாச்சு" என்றார் மகனிடம். பிறகு காவலாளியிடம் திரும்பினார். "தம்பி, கார்ல பின்னாடி பிராந்தி பாட்டில் இருக்கு, போய் எடுத்துட்டு வா. டிரைவர் எங்க நிறுத்தினான்னு கேட்டுக்கோ."

அவன் இறங்கியதும் அவர் காதருகே குனிந்து சொன்னேன். "கீழ ஆளுங்க நிக்கிறாங்க, தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன். சமையல்கட்டு வழியா போங்க." அவர் கேள்வி கேட்கவில்லை. காண்டிங் அதற்குள் பின்படியில் இறங்கித் தீயணைப்புக் கூடத்துக்கு ஓடியிருந்தார். நம் தெருப் பையன்கள் சம்பளமில்லாமல் ஓட்டும் வண்டி, பெரியவர் கொடுத்த பணத்தில் வாங்கியது. அடுப்புகளுக்கு நடுவே ஒவ்வொருவராகப் போனார்கள். குழந்தையை மருமகள் கைத்துண்டால் முகம் மூடித் தூக்கிப் போனாள்.

மிலாக்ரோஸ் அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. "நான் பேசிட்டு இருக்கேன். சத்தம் நின்னா அவன் எட்டிப் பாப்பான்" என்றாள் மெதுவாக. பிறகு குரலை உயர்த்தினாள். "ஸ்டெஃபி, நூடுல்ஸை அறுக்காதடி, தாத்தாவுக்கு ஆயுசு கொறஞ்சிரும்! டேய், அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் வை!" காலி நாற்காலிகளைப் பார்த்துச் சிரித்தாள், திட்டினாள், பரிமாறினாள். நான் பக்கத்தில் நின்று தட்டுகளைத் தட்டிச் சத்தம் எழுப்பினேன். பின்சந்தில் மணி அடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்தது. அப்போதுதான் எழுந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, நடந்து, போய்விட்டாள்.

காவலாளி பாட்டிலோடு வந்து காலி மேசை முன் நின்றான். அந்த ஆள் தட்டியை விலக்கிப் பார்த்தான். கத்தவில்லை. கல்லாவுக்கு வந்தான், பல்குச்சி ஒன்று எடுத்தான். "சாப்பாடு பிரமாதம் அக்கா" என்றான். இறங்கிப் போனான். அவ்வளவுதான். பிறகு வரவே இல்லை.

வராததுதான் எனக்கு எமன். பார்த்துக்கொண்டிருந்தால் எங்கே இருக்கிறான் என்று தெரியும். கடையைப் பூட்டிவிட்டு அத்தான் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கவாதக்காரரைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓட?

சுவா குடும்பம் ஹாங்காங் போய்விட்டது. பணம் கொடுத்த பிறகு ரோலண்ட் திரும்பி வந்துவிட்டான், எலும்பும் தோலுமாக. தெரு என்ன சொல்கிறது தெரியுமா? அந்தக் கூட்டத்துக்காரன் எர்மினியா கடையில்தான் உட்கார்ந்திருந்தான், அவளோடுதான் சிரித்துப் பேசினான், அவள்தான் ஆள்காட்டி. மீன்காரி என் முகத்தைப் பார்க்காமல் கூடையை வைத்துவிட்டுப் போகிறாள். புத்தாண்டு விருந்துக்குச் சொல்லியிருந்த எல்லோரும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அதுதான் என்னைத் தின்கிறது.

ஐவியை இடம் மாற்று. உடனே.

உன் அக்கா


மோலோ
15 ஜனவரி 1993

என் அன்பு அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறாய் என்று படித்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரொட்டி கருகிவிட்டது. போகட்டும். நாங்கள் இருக்கிறோம். அத்தானுக்கு முத்தம்.

ஐவி இப்போது இங்கே இல்லை. கடிதம் வந்த அன்று மாலையே ரூஃபோ அவளைப் படகில் ஏற்றி எதிர்த்தீவில் அவருடைய அத்தை தோட்டத்தில் விட்டுவிட்டார். மாமரங்களும் ஆடுகளும் தவிர அங்கே ஒன்றுமில்லை. வண்டி வந்தால் ஊரே எட்டிப் பார்க்கும். "அம்மா மீனைப் புரட்டினாங்களா? நெஜமாவா?" என்று மூன்று முறை கேட்டாள். அவளுக்கு அதை மட்டும்தான் சொன்னேன். வேறு யார் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வாசலிலும் புதிதாக ஒருவர் ரொட்டி வாங்க வந்தால் ரூஃபோவின் கை மாவுக் கட்டையைத் தேடுகிறது.

அக்கா, இப்போது நான் சொல்வதைக் கேள். ரோலண்ட் விஷயம் உனக்கும் எனக்கும் அந்தப் பாவிக்கும்தான் தெரியும். நீ தெரிந்து செய்தது சுவா குடும்பத்தைக் காப்பாற்றியது. தெரியாமல் செய்ததை எதற்குத் தெருவில் போட்டு உடைக்க வேண்டும்? யூ வீட்டார் முன்னால் வாயைத் திறக்காதே. பையன் வந்துவிட்டான், முடிந்தது. உனக்கு அந்தத் தெருவை விட்டால் கதியில்லை. கஞ்சிக்குக்கூட அந்தத் தெருதான். எனக்காக, ஐவிக்காக, பேசாமல் இரு.

உன் பூரிங்


பினோண்டோ
9 பிப்ரவரி 1993

அன்புத் தங்கை பூரிங்,

நீங்கள் அனைவரும், தீவில் இருப்பவளும், நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அத்தான் நேற்று இடதுகைச் சுண்டுவிரலை அசைத்தார். எனக்கு மட்டும் காட்டினார்.

புத்தாண்டு வந்து போனது. ஜனவரி முழுக்கக் கடையைத் திறந்து வைத்தேன், யாரும் படியேறவில்லை. காண்டிங் சுத்தமான மேசைகளையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

போன ஞாயிறு மத்தியானம் படியில் காலடி கேட்டது. ஒற்றைக் காலடி. காண்டிங் சமையல்கட்டிலிருந்து இறைச்சிக் கத்தியோடு வந்து நின்றுவிட்டார். வந்தது மிலாக்ரோஸ் அம்மா. ஹாங்காங்கிலிருந்து தனியாகத் திரும்பியிருக்கிறாள், கடையை விற்கக் கையெழுத்துப் போட. "கத்திய உள்ள வைங்கய்யா, எனக்கு மீன் போதும்" என்றாள். நடு மேசையில், தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். "ஜன்னலைத் திற எர்மினியா. நான் இங்க சாப்பிடறது எல்லாருக்கும் தெரியட்டும்."

மீன் வருவதற்குள் மறுபடி காலடி. இந்த முறை பல காலடிகள்.

யூ குடும்பம். அப்பா, அம்மா, ரோலண்ட். மிலாக்ரோஸ் அம்மாதான் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய் மீன் விஷயத்தைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். நான் எழுந்து இடம் காட்ட வேண்டும். கல்லாவை விட்டு நகரவில்லை. மிலாக்ரோஸ் அம்மாவே எழுந்து, கடைக்காரி மாதிரி, "வாங்க, வாங்க, இங்க உக்காருங்க" என்று நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். ரோலண்ட் சுவரோரம் முதுகை வைத்து உட்கார்ந்தான். முட்டை போட்ட சூப்பைத் தொடவில்லை. அடைத்து வைத்த இடத்தில் அவனுக்கு அவித்த முட்டையைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லையாம்.

நான் தேநீர் ஊற்றப் போனபோது அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரு சொன்னத நாங்களும் நம்பிட்டோம். சுவா வீட்டைக் காப்பாத்துனவளப் போயி தப்பா நெனச்சோம். மன்னிச்சிரு எர்மினியா."

நீ சொன்னபடிதான் இருந்தேன், பூரிங். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரு நிமிடம் அப்படியே போயிருந்தால் இப்போதும் அப்படியே இருந்திருப்பேன்.

ரோலண்ட் தட்டைப் பார்த்தபடியே பேசினான். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல ஆன்ட்டி. நான் அந்தச் சந்துல போறது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? வீட்டுக்கும் மார்வினுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. மார்வின்தான் சொல்லியிருக்கணும். சின்ன வயசுலேர்ந்து கூட்டாளி. இப்ப அவன் வந்தா நான் ரூம விட்டு வெளிய வர்றதில்ல."

தேநீர்க் கெண்டியை மேசையில் வைத்தேன்.

"மார்வின் இல்லப்பா. நான்."

அவன் நிமிர்ந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஞாயிறு, அந்த மேசை, நான் சிரித்தது வரை. மிலாக்ரோஸ் அம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். இது அவளுக்கும் தெரியாது.

அவன் அம்மா என் கையை விட்டாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டை மடித்து மேசையில் வைத்தாள், எழுந்தாள். "என் புள்ள இங்கதான் வளந்தான்" என்றாள். இறங்கிப் போனாள். பின்னாலேயே அப்பா போனார்.

ரோலண்ட் என்னைப் பார்த்தான். கண்ணில் கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். "அப்போ மார்வின் இல்ல" என்றான். தனக்குத்தானே இன்னொரு முறை சொன்னான். பிறகு அவனும் படியிறங்கினான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மார்வின் வீட்டுப் பக்கம் நடந்தான், நடுத்தெருவில், வேகமாக.

மிலாக்ரோஸ் அம்மா எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. மீன் ஆறுது."

"உங்களுக்கு என் மேல கோவம் வரலையா?"

"வருது. தின்னுட்டு வரட்டும்."

வாடிக்கையாளரோடு உட்கார்ந்து நான் சாப்பிட்டதில்லை. அன்றைக்குச் சாப்பிட்டேன். இருவரும் ஒரே பக்கமாக, படிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

தெருவில் இப்போது எல்லோருக்கும் தெரியும், முழுசாகத் தெரியும். நேற்று கதவில் யாரோ கரியால் ஏதோ எழுதிவிட்டுப் போனார்கள். காண்டிங் எனக்குக் காட்டாமல் அழித்துவிட்டார். மீன்காரி மட்டும் காலையில் கூடையை வைத்துவிட்டு, "நாளைக்கு எத்தன?" என்று கேட்டாள். இரண்டு என்றேன்.

படியில் சத்தம் கேட்டால் இன்னும் உடம்பு விறைத்துப் போகிறது. ஏறி வருகிறவர் பசித்தவரா, கோபப்பட்டவரா, அவனா என்று முகம் தெரிகிறவரை தெரியாது. ஆனாலும் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

ஐவியைத் தீவிலேயே வைத்திரு. அவள் வரலாம் என்று நான் சொல்கிறவரை யார் வந்து கேட்டாலும், என் கையெழுத்தைக் காட்டினாலும், கொடுக்காதே.

உன் அக்கா,
எர்மினியா